ராக்கெட் மாமா வர வேண்டாம்

காஞ்சிபுரம்,
29-8-1973

மதிப்பும் அன்பும் மிகுந்த வீரபாகு மாமா அவர்களுக்கு,

தங்கள் தங்கை மகள் இந்திராணி வணங்கி எழுதுவது. இவ்விடம் அப்பா, அம்மா, இரண்டு தறிகள், ஒரு பசு ஆகிய எல்லோரும் காமாட்சி தயவில் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் அத்தையும் ராக்கெட்டுகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். என் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சுருக்கமாகச் சொன்னால், வருகிற பத்தாம் தேதி என் நிச்சயதார்த்தத்துக்குத் தாங்கள் தயவுசெய்து வர வேண்டாம். விரிவாகச் சொன்னால் பின்வருமாறு. நேரில் இதில் ஒரு வரிகூட என் வாயிலிருந்து வராது என்பது தங்களுக்கே தெரியும்.

எல்லாம் போன மாதம் பத்திரிகையில் தங்கள் படம் வந்ததில் தொடங்கியது. கடலோர ராக்கெட் தளத்தின் இயக்கப் பிரிவுக்கு விமானப்படை குரூப் கேப்டன் வீரபாகு தலைவராகப் பொறுப்பேற்றார் என்று இரண்டே வரி. அப்பா அதைத் தறிக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். வாசிக்க வாசிக்க வரிகள் கூடின. முதல் வாரம் தாங்கள் ராக்கெட் விடுகிறவர். இரண்டாம் வாரம் ராக்கெட்டில் ஏறிப் போகிறவர். மூன்றாம் வாரம் சந்திரனுக்கு இரண்டு தடவை போய்த் திரும்பியவர். நேற்று அமாவாசை. தறிகளுக்கு விடுமுறை என்பதால் தெருவே ஓய்வாக உட்கார்ந்து தங்களைப் பற்றிப் பேசியது. எதிர்வீட்டு கங்கையம்மாள் மிகுந்த கவலையோடு என்னிடம், "இன்னிக்கு சந்திரனே இல்லியேம்மா, உங்க மாமா பாவம் எங்க போவாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "அவருக்கும் இன்னிக்கு லீவுதான்" என்று சொல்லிவிட்டார்.

இந்தப் புகழ் திருப்புட்குழி வரை போய், அங்கே சரிகைக் கடை வைத்திருக்கும் திருஞானசம்பந்தம் ஐயா போன ஞாயிற்றுக்கிழமை தம் மகனோடு பெண் பார்க்க வந்துவிட்டார். அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை, சுவரில் தங்கள் படத்தைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளைப் பையன் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மேல சாப்பாடெல்லாம் எப்படி?" அப்பா, "கட்டுச்சாதம்தான்" என்றார். பொய்யின் மேல் கல்யாணம் நிற்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால் கல்யாணமே நின்றுவிடும் என்றும் தோன்றியது. இரண்டாவது தோன்றியதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. காபித் தட்டைப் பிடித்தபடியே, "மாமா மேலே போனதே இல்லைங்க, கீழே ஒரு அறையில் உட்கார்ந்து அனுப்புவார், அவ்வளவுதான்" என்றேன். திருஞானசம்பந்தம் ஐயா மகனைப் பார்த்து, "கேட்டியாடா? நாம தறில உக்கார்ற ஆளுன்னு நெனச்சிக்கினு வந்தோம், இவரு தறி வெச்சிருக்கற மொதலாளிடா!" என்றார். தங்கள் மதிப்பு ஒரு படி ஏறியது.

சரி என்று, இன்னொரு உண்மையையும் எடுத்துவிட்டேன். மாமா பொறுப்பேற்று அனுப்பிய முதல் ராக்கெட் நாற்பது வினாடியில் கடலில் விழுந்துவிட்டது என்றேன். (மன்னிக்கவும் மாமா. தாங்கள் ரகசியமாக எனக்கு எழுதியதுதான்.) அதற்கு அவர் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, "புதுத் தறில மொத சேலை அம்மனுக்குப் போவுது. புது எடத்துல மொத ராக்கெட்டு சமுத்திரராஜனுக்குப் போயிருக்குது. எவ்ளோ மொறை தெரிஞ்ச மனுசன்பா!" என்றார். அம்மா உள்ளேயிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு உண்மை. "மாமாவுக்கு வேலையே, எல்லோரும் ராக்கெட்டை விடலாம் என்று சொல்லும்போது வேண்டாம் என்று சொல்வதுதான்" என்றேன். "சொன்னா கேப்பாங்களாம்மா?" என்றார் அவர். "கேட்டுத்தான் ஆக வேண்டும். பெரிய விஞ்ஞானியாக இருந்தாலும் அந்த நிமிஷமே நிறுத்திவிட வேண்டும்" என்றேன். அவர் நெடுமூச்சு விட்டார். "எங்கூட்ல நான் சொன்னா கன்னுக்குட்டி கூட நிக்காதும்மா. இந்தச் சம்பந்தத்தை விட்டா எனக்கு வேற கெடைக்காது, தேதியைக் குறிங்க" என்றார். இப்படியாக என் நிச்சயதார்த்தத்தை நானே என் வாயால் முடித்துவைத்தேன். வாழ்க்கையில் நான் தொடர்ந்து மூன்று வாக்கியம் பேசியது அன்றுதான்.

அதன் பிறகு நடப்பதைக் கேளுங்கள். நிச்சயத்துக்கென்று அப்பா நெய்யும் சேலையில் கரை முழுக்க ராக்கெட். மாதிரிக்கு ஒரு முழம் நெய்ததும் கங்கையம்மாள் வந்து பார்த்து, "கத்திரிக்கா நல்லாக் கீது" என்றார். அப்பாவுக்கு ரோஷம் வந்து, அதற்குக் கீழே சரிகையில் நெருப்பு வைத்தார். இப்போது அது கத்திரிக்காயைச் சுடுவதுபோல் இருக்கிறது. ஆனால் தெருவில் இரண்டு பேர் அதே கரை தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தாங்கள் வந்து இறங்கியதும் கொடுக்கவென்று மனுக்களும் தயார். கங்கையம்மாளுடைய மனு, என்றைக்கு மழை, என்றைக்கு வெயில் என்று மேலிருந்து பார்த்து வாரம் ஒரு கார்டு போட வேண்டும் என்பது. அவர் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கும் நாளெல்லாம் மழை வருகிறதாம். நாதஸ்வரத்துக்கும் சொல்லியாகிவிட்டது. தாங்கள் தொப்பியோடு வருவீர்களா, பரிவட்டத்தோடு வருவீர்களா என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் கணிதப் புத்தகத்துக்குள் பதினோரு நாளாக ஒரு கவர் இருக்கிறது. தங்கள் தளத்தின் கணக்கீட்டுப் பிரிவில் உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. செப்டம்பர் பத்து, காலை பதினொரு மணி, சென்னை. சிபாரிசு என்று பேச்சு வரக் கூடாது என்றுதான் தங்களிடம்கூடச் சொல்லாமல் விண்ணப்பித்தேன். அதே பத்தாம் தேதி காலையில்தான் நிச்சயதார்த்தம். நம் வீட்டில் முதன்முதலாக பி.எஸ்.ஸி. படித்தவள் என்று அப்பா என் பட்டத்தையும் தங்கள் படத்துக்குப் பக்கத்தில்தான் மாட்டியிருக்கிறார். அவரிடம் இதைச் சொல்ல மூன்று தடவை போய், மூன்று தடவையும் "காபி வேணுமாப்பா?" என்று கேட்டுத் திரும்பிவிட்டேன். மூன்று தடவையும் அவர் வேண்டும் என்றார்.

தாய்மாமன் தாம்பூலத் தட்டை எடுத்துக் கொடுக்காமல் நம் வீடுகளில் நிச்சயம் நடக்காது. ஆகவே தாங்கள் வராவிட்டால் போதும், தேதி தள்ளிப்போகும். போன தடவை வந்தபோது தெருவில் பாவு நீட்டியிருந்தது என்று தங்கள் ஜீப் முனையிலேயே இரண்டு மணி நேரம் நின்றது நினைவிருக்கிறதா? "பாவு காயணும். ஜனாதிபதி வந்தாலும் அங்கியே நிக்கட்டும்" என்று அப்பா சொல்லி அனுப்பினார். நான் மோர் கொண்டுவந்தபோது தாங்கள், "ராக்கெட்டைக்கூட நான் நிறுத்திடுவேம்மா, உங்கப்பாவை என்னால முடியாது" என்று சிரித்தீர்கள். அன்று நானும் சிரித்தேன். இன்று கேட்கிறேன்: ஒரே ஒரு தடவை முயன்று பாருங்கள் மாமா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வரவில்லை. தங்களுக்கு அரசாங்கமே அதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறது. விடுப்பு கிடைக்கவில்லை என்று ஒரு தந்தி அடித்தால் போதும்.

அத்தைக்கு என் வணக்கம். அடுத்த ராக்கெட் நேரே மேலே போக ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை யார் கண்ணிலும் படாமல் நானே கொண்டுபோய்த் தபாலில் சேர்க்கிறேன்.

என்றும் தங்கள் ஆசியை நாடும்,
இந்திராணி

பி.கு.: மச்சானுக்கு இந்திராணி அப்பா சபாபதி எழுதறது. கவரை ஒட்டறதுக்குப் பாவுக் கஞ்சி எடுக்க வந்த பொண்ணு, லெட்டரைத் தறிமேல வெச்சிட்டு அம்மா கூப்பிட்டான்னு உள்ள போயிடுச்சி. முழுக்கப் படிச்சிட்டேன். சந்திரனுக்கு ரெண்டு வாட்டின்னு நான் சொல்லவே இல்ல. ஒரு வாட்டிதான் சொன்னேன். அது கத்திரிக்காயும் இல்ல. வேணாம்னு எங்கிட்ட சொல்றதுக்கு ஒரு குரூப் கேப்டன் எதுக்கு? காபியை வெச்சிட்டு சொல்லியிருந்தா கேக்க மாட்டேனா? மொத ரெண்டு காபி வரைக்கும் கேட்டிருக்க மாட்டேன், மூணாவதுக்குக் கேட்டிருப்பேன். படிச்ச கையோட திருப்புட்குழிக்கு ஆள் அனுப்பினேன்: பத்தாம் தேதி பொண்ணுக்கு ராக்கெட்டு ஆபீசுல பரிச்சை, நிச்சயம் இல்லன்னு. அந்தாளு கோவிச்சிக்குவாருன்னு பாத்தா, எத்தினி வருசம் ஆனாலும் காத்துக்கினு இருக்கோம்னு சொல்லி அனுப்பறாரு. அங்க அதுக்குள்ள நம்ம பொண்ணே சந்திரனுக்குப் போவுதுன்னு பேச்சாம். நான் ஒண்ணும் சொல்லல.

அதனால நீங்க பத்தாம் தேதி கட்டாயம் வரணும். ஜீப்போட வரணும். தொப்பியோட வரணும். பொண்ணை முன்னாடி சீட்ல உக்கார வெச்சி மெட்ராசுக்குக் கூட்டிக்கினு போங்க. முனையில நிக்க வேணாம், நேரா வாசல் வரைக்கும் வாங்க. அன்னிக்குக் காலைல தெருவுல ஒருத்தரும் பாவு நீட்டக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.