ஸ்திரீபார்ட் கையில் உலக்கை

அட விடு பவுனு! வந்த உன் மக மாமியாவ யாருன்னு தெரியாம உன் மருமக வாசல் கூட்டச் சொல்லிட்டாளாம், அதுக்குப் போயி மூக்கச் சிந்துறியே! நான் பண்ண கூத்துக்கு அவ கால்தூசி பெறமாட்டா. உக்காரு, சொல்றேன்.

கல்யாணமாகி ஆத்தூர்லருந்து இங்க வந்த மூணாம் மாசம். ஊருல திருவிழா, நாடகம். சாமியக் கட்டிக்கிற குறமக வேசத்துக்கு வார ஸ்திரீபார்ட் அம்மா தங்குறது அந்த வருசம் எங்க வீட்டு முறை. ஊரு ஆம்பளைக்கெல்லாம் ஒரே சொரம். (எங்க மாமனாரு பல்லு வெளக்குனதே அன்னைக்குத்தானாம்.) எங்க வீட்டுக்காரரு தலையில எண்ணெய் வழிய விடிகாலையிலேயே பஸ்ஸு நிக்கிற எடத்துல போயி நின்னுட்டாரு.

மாமியா கோயிலுக்குக் கெளம்பையில சொல்லுச்சு: "ஏத்தா, வார அம்மா மனசு கோணுச்சு, நாடகம் நின்னுபோகும். அப்பறம் நீ ஆத்தூரு பஸ்ஸு ஏற வேண்டியதுதான். மாவிளக்குக்கு மாவு இடிக்க ஒரு ஆளு வரும், பாத்துக்க."

செத்த நேரத்துல ஒரு பொம்பள வந்து நின்னுச்சு. கருத்த மேனி, அம்பது வயசு, வெளுத்த நூல்சேல, கையில தகரப்பெட்டி. நோட்டீசுல நான் பாத்தவளோ ரோசாப்பூ நெறம், பதினாறு வயசு!

"திருவிழாவுக்கு வரச் சொன்னாக."

"இம்புட்டு நேரங்கழிச்சா வருவ? பெட்டிய அங்குட்டு வச்சிட்டு உலக்கையப் பிடி!"

என்னய மேலயும் கீழயும் பாத்துச்சு. சிரிச்சுச்சு. சேலையச் சொருகிட்டு இடிக்க ஆரம்பிச்சிருச்சு. என் சொல்லக் கேக்க அந்த வீட்டுல ஒரு கோழி கூடக் கெடையாது. கெடச்ச ஆள விடுவனா? இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "வாயி ஆடாம இடி", "கப்பி கெடக்கு, இன்னொருக்கா இடி"ன்னு ஒரே அதிகாரம்.

எங்க வீட்டுக்காரரு வேற, அந்தம்மாவத் தாண்டித் தாண்டி வந்து, "ஸ்திரீபார்ட்டு வரலையா?"ன்னு மூணு தரம் கேட்டாரு. (காலையில பஸ்ஸ விட்டு எறங்குன அந்தம்மாவ, "செத்த ஒதுங்கும்மா, மறைக்கிது"ன்னு ஒதுக்கிவிட்டதே இவருதானாம்.)

பொழுது சாயையில மாமியா ஆர்மோனியக்காரரோட வந்துச்சு. அவரு உரலப் பாத்தாரு. "அம்மா!"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. என் உசுரு எனக்கு முன்னாடி ஆத்தூரு பஸ்ஸு ஏறிருச்சு. மாவு இடிக்க வரவேண்டியவ நாடகத்துக்குப் பாய் விரிச்சு எடம் பிடிக்கப் போயிட்டாளாம்!

அந்தம்மா உள்ளங்கையப் பாத்துச்சு. ரெண்டு கொப்புளம். "வேசங் கட்டுறேன். ஆனா இந்தப் பிள்ள மொத வரிசையில உக்காரணும்"னு மட்டும் சொல்லுச்சு.

மேடையில பாக்குறேன், நோட்டீசு ரோசாப்பூவே எறங்கி வந்து நிக்கிது! சாமி கெழவரா வேசம் மாறி வந்து, பசிக்குதுன்னு தினைமாவு கேப்பாருல்ல? அந்தம்மா இடுப்புல கைய வச்சுச்சு. அச்சு அசலா என் கொரலு: "இம்புட்டு நேரங்கழிச்சா வருவ? உலக்கையப் பிடி பெருசு!"

ஒத்திகையில்லாத நாடகம். சாமி திருதிருன்னு முழிச்சாரு.

"வாயி ஆடாம இடி! கப்பி கெடக்கு!"

சாமி இடிச்சாருடி! உரலு சேதி அதுக்குள்ள ஊரு பூராம் பரவிருந்துச்சா, கூட்டமே என்னயப் பாத்து உருண்டு சிரிச்சுச்சு. மாமியா சிரிச்ச சிரிப்புல வெத்தல எச்சி பூராம் என் பட்டுச்சேலையில. ஆத்தூரு பஸ்ஸுக்குத் தப்பிச்சேன்.

ஆனா இன்னைக்கும் எங்க வீட்டுல யாரு சோறு கேட்டாலும், பேரன் பேத்தி வரைக்கும், "மொதல்ல உலக்கையப் பிடி பெருசு"தான்...

அடியாத்தி! காக்கா வந்து காயப்போட்ட சோளத்தப் பூராம் கொத்துது. சூ! சூ! ஏ பவுனு, என்ன வேடிக்க பாக்குறவ? வாயி ஆடாம அந்தக் குச்சிய எடு!