லிஃப்ட்டுக்குள் இருந்து ஒரு நன்றி

குறை சொல்வதுதான் படித்தவர்களின் அடையாளம் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான். (அப்பாவும் போயிருக்கிறார், லோரியில் சிமெண்ட் இறக்க.) அப்பாவும் அம்மாவும் எதற்கும் "பரவால்ல லா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் பொறுத்துப்போன அத்தனைக்கும் சேர்த்து நான் கேள்வி கேட்பது என்று முடிவு செய்திருந்தேன்.

கிள்ளானில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தமிழ், மலாய், சீனக் குடும்பங்கள் எல்லாம் அதில் இருந்தன. காலையில் குப்பை, மதியம் மோட்டார் நிறுத்துமிடம், மாலையில் மேல்வீட்டு யாத்தி அக்கா பெலாச்சான் என்ற இறால் விழுதை வறுக்கும் நாற்றம் என்று நான் அதற்குத் தீனி போட்டேன். லிஃப்ட்டைப் பற்றியோ ஒரு காவியமே எழுதியிருந்தேன். பிள்ளைகள் அதன் அவசர மணியை அடித்து விளையாடுகிறார்கள் என்று நான் போட்ட சண்டையில், குடியிருப்புத் தலைவர் மாரியப்பன் அங்கிள் மனம் வெறுத்து மணியின் ஒயரையே கழற்றச் சொல்லிவிட்டார். அதை என் பொதுவாழ்வின் முதல் வெற்றியாகக் கொண்டாடினேன்.

ஒரு சனிக்கிழமை மதியம், பிரிக்பீல்ட்ஸில் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்கக் கிளம்பினேன். (தையல்காரரிடம் சொல்ல வேண்டிய குறைகள் தயாராக இருந்தன, ரவிக்கையை இன்னும் பார்க்காவிட்டாலும்.) லிஃப்ட்டில் நான் மட்டும்தான். கதவு மூடியது, கொஞ்சம் இறங்கியது, யாரோ கீழிருந்து பிடித்து இழுத்ததுபோல் சட்டென்று சரிந்து நின்றது. விளக்கு அணைந்தது.

மணியை அழுத்தினேன். சத்தமே இல்லை. மறுபடி விரலை வைத்தபோதுதான் என் வெற்றி நினைவுக்கு வந்தது.

கதவை ஓங்கித் தட்டினேன். லிஃப்ட் இன்னும் ஒரு சாண் இறங்கியது. அதன் பிறகு தட்டவில்லை. கத்தவும் பயமாக இருந்தது. மூச்சைக்கூடக் கடன் வாங்கியதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். தலைக்கு மேலே கம்பி ஒன்று உராய்ந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கேட்டாலும் பயம், நின்றாலும் பயம்.

கைப்பேசியில் அழைப்பு எதுவும் போகவில்லை. எழுதினால் மட்டும் தத்தித் தத்திப் போனது. அம்மாவுக்கு அனுப்பினேன். பதிலில்லை. குழுவில் எழுதினேன்: "லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டேன். இருட்டு. காப்பாற்றுங்கள்."

மாரியப்பன் அங்கிள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் போட்டார். "லிஃப்ட் விஷயம் அடுத்த மீட்டிங்ல பேசலாம்மா." அடுத்து யாத்தி அக்கா: "சபார்லா." பொறுமையாக இருக்கச் சொல்கிறார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒருமுறை கதவு தாமதமாகத் திறந்ததற்கே 'உயிரோடு புதைத்துவிட்டார்கள்' என்று எழுதியவள் நான்.

திரும்பத் திரும்ப எழுதினேன். ஆச்சரியக்குறிகளை வாரி இறைத்தேன். அது என் வழக்கமான நடை என்பதால் ஒருவரும் அசையவில்லை. கைப்பேசியில் சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டது. லிஃப்ட் முனகிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூலையில் குந்திக்கொண்டேன். கடைசியாக எழுதுவதும் குறையாகவே இருந்தால் கருமாதியில்கூட என்னைப் பற்றி ஒருவரும் நல்லதாகப் பேச மாட்டார்களே என்று தோன்றியது. விழுந்து சாவதைவிட அது பெரிய பயமாக இருந்தது.

அப்போது கதவிடுக்கு வழியாக ஒரு வாடை வந்தது. பெலாச்சான். ஏதோ ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறது, பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். அந்த வாடையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு எழுதினேன்:

"யாத்தி அக்கா, உங்கள் பெலாச்சான் சம்பல் வாசனைக்கு நன்றி. மாரியப்பன் அங்கிள், சம்பளமே இல்லாமல் எங்களுக்காக அலைகிறீர்களே, அதற்கு நன்றி. தண்ணீர் நின்ற நாட்களில் எங்கள் வீட்டுக்கு வாளி தூக்கி வந்த எல்லாருக்கும் நன்றி."

பயத்தில்தான் தொடங்கினேன். எழுத எழுத, ஒவ்வொன்றும் உண்மை என்று தெரிந்தது. இவ்வளவு நாள் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தேன் என்று புரியவில்லை. அனுப்பியதும் கைப்பேசி செத்துப்போனது.

இருட்டில் எவ்வளவு நேரம் போனதோ. படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம்.

"பொண்ணு, உள்ள இருக்கியா? பேசும்மா." மாரியப்பன் அங்கிள் குரல்.

"இருக்கேன் அங்கிள்."

"ஆடாம அசையாம உக்காரு. பொம்பாவுக்குப் போன் போட்டாச்சு, வந்துகிட்டே இருக்காங்க."

பொம்பா தீயணைப்புக்காரர்கள் வந்து கதவைப் பிளந்து என்னை மேலே இழுத்தார்கள். தாழ்வாரம் முழுக்கக் கூட்டம். அங்கிள் சட்டையில்லாமல் கைலியோடு நின்றார். யாத்தி அக்கா கையில் கரண்டி, கண்ணில் தண்ணீர்.

"மொதல்ல ஏன் அங்கிள் வரல?" என்றேன். (பழக்கதோஷம்.)

"மாட்டிக்கிட்டேன்னு எழுதுன, சரி, வழக்கமா எழுதுறதுதானேன்னு விட்டுட்டேன். நன்றின்னு எழுதுன பாரு, எனக்குக் கை காலெல்லாம் ஆடிப்போச்சு. உயிர் போற நேரமா இருந்தாத்தானே இந்தப் பொண்ணு இப்படி எழுதும்?"

பாசாருக்குப் போயிருந்த அம்மா காய்கறிப் பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏம்மா நான் அனுப்புனத பாக்கல?"

"உன்னை மியூட்ல போட்டுருக்கேன் பாப்பா. பிரஷர் ஏறுதுன்னு டாக்டர் சொன்னாரு."

இப்போது குழுவில் குறை சொல்வதற்கு முன் நன்றி சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறேன். பெரும்பாலும் இருக்கிறது. மணியை மறுபடி பொருத்தச் சொல்லி எழுதியபோதுகூட முதல் வரி நன்றிதான். அம்மா என்னை மியூட்டிலிருந்து எடுத்துவிட்டார், சோதனை முறையில்.

வீட்டில்தான் கஷ்டம். போன வாரம் வேலையிலிருந்து களைத்து வந்து உட்கார்ந்தேன். அப்பா தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

"நன்றிப்பா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுப்படியில் இருந்த அம்மா பக்கம் திரும்பி, நிதானமாகக் குரல் கொடுத்தார்:

"இந்தா, பொம்பாவுக்குப் போன் போடு."