வெளுத்த போட்டோவில் காணாமல் போனவள்

உலகத்துக்கே நியாயம் கேட்கக் கிளம்புகிறவள், எங்கே போகிறோம் என்பதை முதலில் வீட்டில் ஒழுங்காகச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். நான் அம்மாவிடம் சொன்னது, "நசரத்பேட்டையில எஸ்தர் வீட்டுக்குப் போறேன்." போனது, அம்பத்தூர் ரயில் நிலையம் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டருக்கு.

தொண்ணூறுகளின் கடைசி. பட்டம் வாங்கிவிட்டுக் கள்ளிக்குப்பத்து வீட்டில் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தேன். (மாப்பிள்ளைகளுக்கு அவசரமே இல்லை.) அந்த வாரம் ஏதோ வெளிநாட்டு மலையில் ரோப் கார் அறுந்து விழுந்ததற்கு, இறந்தவர்களின் முகங்களைப் பேப்பரில் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள். ஆப்பிரிக்காவில் படகு கவிழ்ந்து அதைவிட எத்தனையோ பேர் போனதற்கு விரல் அகலச் செய்தி. முகம் ஒன்றுகூட இல்லை.

பிரவுசிங் சென்டரில் ஓர் ஆங்கில விவாதப் பக்கம் கிடைத்தது. "வெள்ளைத் தோலென்றால்தான் கண்ணீர் வருமா?" என்று எழுதினேன். கேப்டன் என்ற பெயரில் ஒருவன், "வாசகர் யாருக்காக அழுவாரோ அவர் படத்தைத்தான் போடுவார்கள். நீ மட்டும் என்ன?" என்றான்.

வந்ததே கோபம்! "நான் நிறம் பார்த்து அழுகிறவள் இல்லை!" இதை ஆங்கிலத்தில், இரண்டு விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் குக்கரில் சோறு வெந்துவிடும் காலம் அது. காலையில் உட்கார்ந்தவள், கேப்டனை வாயடைக்க வைத்துவிட்டு (அவன் தூங்கப் போயிருக்கலாம்) எழுந்தபோது சாயங்காலம்.

வெளியே ஓர் ஆட்டோ டிரைவர் மாலைப் பேப்பரை விரித்திருந்தார். பூந்தமல்லி போகிற பஸ் காலையில் பள்ளத்தில் கவிழ்ந்ததாம். உயிர்ச்சேதமில்லை. ஆனால் அதில் போன ஓர் இளம்பெண்ணைக் காணவில்லை. நடுவில் அவள் படம்.

"பாவம் நைனா, செவப்பா மகாலட்சுமி கணக்கா கீது. எங்க போச்சோ," என்றார் அடுத்த டிரைவரிடம்.

எட்டிப் பார்த்தேன். பால் வடியும் முகம். ஐயோ பாவம் என்று எனக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு கீழே படித்தால், என் பெயர். அப்பா பெயர். எங்கள் தெரு.

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த போட்டோ! ஸ்டுடியோக்காரர் பிரஷ்ஷாலேயே என் நிறத்தைத் துடைத்து எடுத்திருந்தார். வந்த அன்று "இது யாரு?" என்று கேட்டு அம்மாவிடம் கொடுத்ததோடு சரி, அப்புறம் நான் அதைப் பார்க்கவே இல்லை.

"அண்ணே, இது நான்தான். சீக்கிரம் வீட்ல விடுங்க!"

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னாமா, வெள்ளாட்றியா? பொண்ணக் காணோம்னு ஒரு ஊட்ல துடிச்சிகினு கீறாங்க. போமா அப்பால!"

ஓட்டமும் நடையுமாக வீடு போய்ச் சேர்ந்தேன். வாசல் முழுக்க அக்கம்பக்கத்துச் செருப்புகள். அம்மா ஓர் அறை விட்டாள். அதே கையால் கட்டிக்கொண்டு அழுதாள். நசரத்பேட்டைக்கு அந்த பூந்தமல்லி பஸ்ஸில்தான் போக வேண்டும்; நான் எஸ்தர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த அப்பா, நிற்கத் தெம்பில்லாமல் படியில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் கேட்டது வேறு.

"ஏம்ப்பா இந்தப் போட்டோவைக் குடுத்தீங்க? இதை வச்சு என்னை யாரு கண்டுபிடிப்பா?"

"நிருபர்தாம்மா… கறுப்பா இருந்தா அச்சுல வெறும் மையாத் தெரியும்னாரு."

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே குறுக்கிட்டாள். "தேடுறவனுக்கு மனசு வரணும்லடி!"

கேப்டனுக்கு அதன்பிறகு நான் எதுவும் எழுதவில்லை.

இப்போது என் மகள் செல்போனில் உலகத்தோடு சண்டை போடுகிறாள். போடட்டும். ஆனால் நான் கூப்பிட்டு அவள் எடுக்கத் தாமதமானால் எடுக்கும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறேன். வெளியே கிளம்பும்போதெல்லாம் வாசலில் நிறுத்தி அவளை ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன், முகத்தை வெளுப்பாக்கும் வசதியை அணைத்துவிட்டு. "போதும்மா, பஸ் போயிடும்" என்று குதிப்பாள்.

உடனே உள்ளேயிருந்து என் கணவரின் குரல் வரும். அந்தப் போட்டோ போய்ச் சேர்ந்த மாப்பிள்ளை அவர்தான்.

"எடுத்துக்கட்டும், விடும்மா. பேப்பர்ல காணாமப்போன அந்தப் பொண்ணைப் பார்க்கத்தான் நான் இவங்க வீட்டுக்கு வந்தேன். அவ இன்னும் கிடைக்கவே இல்லை."