நிமிரு டீச்சரின் கேபிள் பள்ளிக்கூடம்

1996 நவம்பர் 11, திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். பால் பூத்துக்குப் போய் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன். காபி, பேப்பர், குளியல். எனக்கு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. பகல் ஒரு மணிக்குத்தான் ஷிப்ட். ஆகவே வழக்கம்போல என் மகள் சுதாவைத் தெருக்கோடி ஆரம்பப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். கேட் பூட்டியிருந்தது. பூட்டுக்கு முன்னால் நிமிரு டீச்சர் நிமிர்ந்து நின்றிருந்தார்.

அந்த நாளில் மேற்கு மாம்பலம் முழுக்கத் தேடினாலும் கூன் விழுந்த ஒரு ஆள்கூட இல்லாத தெரு எங்களுடையது ஒன்றுதான். அதற்கு ஒரே காரணம் இந்த அம்மாள். அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் நிமிரு டீச்சர். யார் எதிரே வந்தாலும் முதல் வார்த்தை 'நிமிரு'. பெரியவர்களுக்கு மட்டும் மரியாதையாக 'நிமிருங்க'.

காய்கறி வண்டிக்காரர் அவர் வருவதைக் கண்டால் தராசைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிறுப்பார். ஒரு முறை காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனபோது, ஸ்டெதாஸ்கோப்போடு குனிந்த டாக்டரிடம், "நீங்க நிமிருங்க, நான் ஏறி நிக்கறேன்" என்று ஸ்டூல்மேல் ஏறி நின்றாராம். தெருமுனையில் சாய்ந்திருந்த விளக்குக் கம்பத்தைக்கூட மனுமேல் மனு போட்டு நிமிர வைத்தவர் அவர்.

அன்று காலை நிமிராமல் போனது பள்ளியின் கூரைதான். ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையில் ஓட்டுக்கூரையின் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. விடுமுறை நாள் என்பதால் யாருக்கும் அடியில்லை. தாளாளர் குடையோடு வந்து பார்த்துவிட்டு, பெற்றோர்கள் நாங்கள் கேட்கும்படியாகவே சொன்னார்.

"ஓடு மாத்தித் தரேன் டீச்சர். ஆனா பத்துப் பதினஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள பாதிப் பசங்க தி.நகர் ஸ்கூலுக்கு வேன் ஏறிடுவாங்க. திறக்கிற அன்னிக்குப் பாதிப் பேருக்கு மேல வரலேன்னா, என்னை மன்னிச்சுடுங்க. ஃபிளாட் கட்டறவர் ஒரு வருஷமா இந்த இடத்தைக் கேட்டுக்கிட்டிருக்கார்."

"எல்லாரும் வருவாங்க," என்றார் டீச்சர்.

"அதுவரைக்கும் எங்க வெச்சுப் பாடம் நடத்துவீங்க?"

"அவங்கவங்க வீட்டுல."

தாளாளர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். டீச்சர் என்னைப் பார்த்தார். "நீங்க மதியம்தானே வேலைக்குப் போறீங்க? உள்ளே போய்க் கரும்பலகையைக் கழற்றி எடுங்க. குனிஞ்சு தூக்காதீங்க."

இப்படித்தான் நான் ஒரு கரும்பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, கேபிள் சேகர் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். நான்கு தெருக்களுக்குக் கேபிள் டிவி கொடுத்தவன் சேகர். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, இரண்டு வீடியோ டெக், காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம். முகூர்த்த நாட்களில் கல்யாண வீடியோவும் எடுப்பான். டீச்சரின் பழைய மாணவன்.

தினமும் காலையில் கேபிளில் பாடம் என்ற விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. "டீச்சர், ஒம்போது மணிக்குப் படம் ஓடிக்கினு கீது டீச்சர். நிறுத்துனா லேடீஸ்லாம் மாடியேறி வந்து ஒதைப்பாங்க."

"நாலாம் வகுப்புல ஏழாம் வாய்ப்பாடு சொல்ல நீ எவ்வளவு நாள் எடுத்துக்கிட்டே?"

"ஒரு வருசம் டீச்சர்."

"நான் காத்திருந்தேனா இல்லையா? அவங்க பத்தரை வரைக்கும் காத்திருக்கட்டும். நிமிரு."

சேகர் நிமிர்ந்தான். பேச்சுவார்த்தை முடிந்தது.

கேபிள் இல்லாத வீடுகளின் பிள்ளைகளை, இருக்கிற வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார் டீச்சர். எங்கள் வீட்டுக்கு நான்கு பேர். வீட்டுப்பாட நோட்டுகளைக் காலையில் பால் வாங்க வரும்போது பூத்தில் ஒரு காலி டிரேயில் போட வேண்டும். அந்த டிரேயை மாடிக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. நோட்டு வந்தால் பிள்ளை படிக்கிறது என்று கணக்கு. திருத்திய நோட்டுகள் மாலையில் அதே பூத்துக்குத் திரும்பும். சில நோட்டுகளில் பால் வாசனை அடித்தது.

முதல் நாள் ஒன்பது மணிக்குப் பாய் விரித்து, டிவி முன்னால் உட்கார்ந்தோம். திரையில் ஒரு பெரிய இதய வடிவம் தோன்றியது. அது சுழன்றது. அதற்குள்ளிருந்து நிமிரு டீச்சரின் முகம் வெளியே வந்தது. அவரைச் சுற்றி ரோஜாப் பூக்கள் மெல்ல விழுந்தன. நடுவில் அவர் ஏழாம் வாய்ப்பாடு சொன்னார். எழுபது என்று முடித்ததும் கெட்டிமேளம் முழங்கியது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி கேட்டாள்: "ஏங்க, டீச்சருக்கு அறுபதாம் கல்யாணமா?"

சேகரிடம் இருந்தது கல்யாணத்துக்கு எடுக்கிற கேமராவும், படத்தில் பூவும் இதயமும் சேர்க்கிற வீடியோ மிக்சரும்தான். வெறும் முகத்தைக் காட்டுவது டீச்சருக்கு மரியாதையில்லை என்று அவன் நினைத்திருக்கிறான். மறுநாள் டீச்சர் உத்தரவு போட்டார்: இதயம் கூடாது, கெட்டிமேளம் கூடாது. ரோஜா மட்டும், எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டவர் பெயரை வாசிக்கும்போது விழலாம். அதிலிருந்து பிள்ளைகள் ரோஜாவுக்காகக் கணக்குப் போட்டார்கள். சுதா ராத்திரிச் சாப்பாட்டை மறந்துவிட்டு வகுத்தல் கணக்குப் போட்டதை நான் அந்த வாரம்தான் பார்த்தேன்.

அடுத்தது வருகைப் பதிவு. டிவியில் எப்படி வருகை எடுப்பது? டீச்சருக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. பெயரைக் கூப்பிடுவார். கேமராவைப் பார்த்தபடி நிற்பார். அந்தந்த வீட்டுப் பிள்ளை எழுந்து நின்று, "உள்ளேன் டீச்சர்" என்று கத்தும். எங்கள் தெரு அகலம் குறைந்த தெரு. எதிர்வீட்டில் தாளிப்பது எங்கள் வீட்டில் தும்மலாக வரும். பிள்ளைகள் போட்ட சத்தம் ஜன்னல் வழியாக மொட்டை மாடி வரை போய், கொட்டகையில் நிற்பவர் காதில் நேராக விழுந்தது. மின்சார ரயில் போகும்போது மட்டும் சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பார். எங்கள் வீட்டிலும் அதே ரயில்தான் அதிரும் என்பதால் நாங்களும் காத்திருப்போம்.

இதையெல்லாம்விடப் பெரிய கலவரம், பாடத்தின் நடுவில் திடீரென்று அவர் சொல்லும் "நிமிரு!". யாரைச் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லா வீட்டிலும் அந்தக் கணத்தில் யாராவது ஒருவர் வளைந்துதான் உட்கார்ந்திருப்பார். ஆகவே டீச்சருக்கு நம் வீட்டுக்குள் கண் தெரிகிறது என்று தெருவே முடிவு கட்டியது. பனியனோடு உலாவிய அப்பாக்கள் ஒன்பது மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டார்கள். எங்கள் மாடி வீட்டு வெங்கட்ராமன் பாங்க் ஆபீசர்; அவர் பையன் கண்ணன் சுதாவோடு படித்தான். அவர் டிவிக்கு முன்னால் போக வேண்டியிருந்தால், "எக்ஸ்க்யூஸ் மி டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை டீச்சர் கறுப்புக் கண்ணாடியோடு திரையில் தோன்றினார்.

அந்த வருடம் ஊருக்குச் சென்னை என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கண் வலிக்கு மட்டும் மெட்ராஸ் ஐ என்ற பெயர் அப்படியே இருந்தது. மழை விட்டதும் அது வழக்கம்போல வந்து, டீச்சர் கண்ணில் உட்கார்ந்துகொண்டது. பாடம் நடுவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிளகாய்ப் பழம் போலச் சிவந்த இரண்டு கண்கள் டிவி முழுக்கத் தெரிந்தன.

மறுநாள் காலை பால் பூத்தில் டிரே கிட்டத்தட்டக் காலி. சுதாவுடையதும், எங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுடையதும் தவிர ஓரிரு நோட்டுகள்தான் கிடந்தன. வெங்கட்ராமன் பால் வாங்க வந்திருந்தார்.

"கண்ணன் நோட்டு எங்க சார்?"

"எங்காத்துல டிவியைத் துண்டு போட்டு மூடிட்டேன் ஓய்."

"ஏன்?"

"மெட்ராஸ் ஐ எப்படி ஒட்டிக்கறது? கண்ணைப் பார்த்தா ஒட்டிக்கறது. டிவியில மட்டும் என்ன, கண்ணைத்தானே பார்த்துண்டிருக்கோம்?"

"நீங்க பாங்க் ஆபீசர் சார்!"

"அதனாலதான் ரிஸ்க் எடுக்கப்படாதுங்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தி.நகர் ஸ்கூல்ல அப்ளிகேஷனும் வாங்கிண்டு வந்துட்டேன். வேன் வாசலுக்கே வரதாம்."

பார்ப்பதால் அந்த நோய் பரவாது என்று எந்த டாக்டரும் சொல்வார். ஆனால் டாக்டர் சொல்வதற்குள் தெரு முழுக்கத் துண்டு விழுந்துவிட்டது. நான் டிரேயை மாடிக்குக் கொண்டுபோனேன். டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். அடியில் கிடந்த நோட்டுகளை ஒருமுறை எடுத்து, மறுபடி வைத்தார். பதினைந்து வருடம் அந்தத் தெருவில் அவரைப் பார்த்திருக்கிறேன். அவர் தோள் இறங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சேகர் மெதுவாகச் சொன்னான்: "தெருவே டிவிய ஆஃப் பண்ணிட்டுக் குந்திக்கினு கீது டீச்சர். உங்க கண்ணு ஒயர் வழியா பூந்துடுமாம். நான் படம் போட்டுடட்டா?"

டீச்சர் டிரேயைக் கீழே வைத்தார். பிறகு டீச்சர் கேட்டார்: "அவங்களுக்குப் பயம் என் கண்ணைப் பார்த்துத்தானே?"

"ஆமா."

"முதுகைப் பார்த்தா ஒண்ணும் வராதே?"

அவர் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டார். கேமராவுக்கு முதுகைக் காட்டி, கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தார். சேகருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் மாடி விளிம்புக்கு ஓடினான். இரண்டு கைகளையும் வாயில் குவித்துத் தெருவுக்கே கத்தினான்.

"யம்மா! யக்கா! டீச்சர் திரும்பிக் குந்திக்கினாங்க! கண்ணும் தெரியாது, மூஞ்சியும் தெரியாது! பயப்படாம டிவிய போடுங்க! மாடி வீட்டு சார், துண்ட எடு சார்!"

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். தெருவுக்கு அவர் முதுகு தெரிந்தது. எனக்கு முகம் தெரிந்தது.

"மூணாம் வகுப்பு," என்றார். "அமுதா."

பதில் இல்லை.

"அமுதா."

கீழே யாரோ துணி துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தாம்பரம் ரயில் ஒன்று வந்து, வெகுநேரம் அதிர்ந்து, போனது. டீச்சர் சாக்பீஸை இறக்கவில்லை.

பிறகு நான்கு வீடு தள்ளி ஒரு ஜன்னல் திறக்கும் ஓசை. "உள்ளேன் டீச்சர்!"

"ரஹீம்."

"உள்ளேன் டீச்சர்!" இது தெருவின் இன்னொரு கோடியிலிருந்து.

அடுத்தடுத்துக் குரல்கள் வந்தன. சில குரல்கள் அம்மாக்களுடையவை. பிள்ளை பல் தேய்த்துக்கொண்டிருந்திருக்கலாம். கடைசியில் ஒரு பெயர் மிஞ்சியது.

"கண்ணன்."

எங்கள் வீட்டு மாடியிலிருந்து சத்தமில்லை. டீச்சர் காத்திருந்தார். துண்டை இழுக்கிற நேரம், டிவி பட்டனை அழுத்துகிற நேரம், படம் வருகிற நேரம் எல்லாவற்றையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அப்புறம் தெருவே அதிர ஒரு கத்தல்: "உள்ளேன் டீச்சர்!"

கண் வலி வந்தவர்களுக்குக் கண்ணில் நீர் வழிவது சகஜம். ஆகவே அப்போது டீச்சர் முகத்தில் நான் பார்த்ததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவர் ஒரு கணம் கண்ணாடியைச் சரி செய்தார். பிறகு, கேமராவுக்கு முதுகைக் காட்டியபடியே, கரும்பலகையைப் பார்த்துச் சொன்னார்:

"நிமிரு!"

நான் நிமிர்ந்தேன். சேகர் நிமிர்ந்தான். அப்புறம் விசாரித்ததில் தெருவே நிமிர்ந்திருக்கிறது. வெங்கட்ராமன் ராத்திரி பத்து மணிக்கு என்னைப் படிக்கட்டில் மடக்கினார். "அப்பத்தான் சோபாவுல சாஞ்சேன் ஓய். முதுகைத் திருப்பிண்டு எப்படிப் பார்த்தா?"

கண் சரியாகும்வரை டீச்சர் திரும்பியே பாடம் நடத்தினார். மறுநாள் முதல் டிரே நிரம்பி வழிந்தது.

கூரைக்குப் புது ஓடு போட்டுப் பள்ளி திறந்த காலை, தாளாளர் கேட் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஃபிளாட் கட்டுகிறவர், கையில் சுருட்டிய வரைபடத்தோடு. பிள்ளைகள் வந்தார்கள். அமுதா, ரஹீம், சுதா. வெங்கட்ராமன் கண்ணனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"அப்ளிகேஷன் என்னாச்சு சார்?" என்றேன்.

"அதுலதான் கண்ணன் பென்சில் சீவிண்டிருக்கான். கேக்காதேயும்."

ஒருவர்கூடக் குறையவில்லை. போதாததற்கு, சேகரின் கேபிள் போகும் பக்கத்துத் தெருவிலிருந்து மூன்று புதுப் பிள்ளைகள், டிவியில் வந்த டீச்சர் எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். வரைபடக்காரர் எப்போது கிளம்பினார் என்று யாரும் கவனிக்கவில்லை. தாளாளர் நாற்காலியில் சரிந்து போய், வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் மணியோடு வெளியே வந்தார்.

"நிமிருங்க சார்."

தாளாளர் நிமிர்ந்தார்.

ராத்திரி வேலை முடிந்து வந்ததும், தூங்காமல் விழித்திருந்த சுதாவிடம் பள்ளி எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கண்ணன் எல்லாக் கணக்கும் சரியாப் போட்டான்ப்பா. டீச்சர் அவன் பேரைப் படிச்சாங்க. நாங்க எல்லாரும் மேல கூரையையே பார்த்துக்கிட்டிருந்தோம். ரோஜாவே விழலை."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. அவங்களும் மேல பார்த்தாங்க."

மறுநாள் காலை சுதாவைப் பள்ளியில் விட்டு வந்ததும், முதல் வேலையாகப் பாயை விரித்து டிவியைப் போட்டேன். மணி ஒன்பது. சேகர் இன்னும் படம் போடவில்லை. திரையில் யாருமில்லாத கொட்டகை. இன்னும் பள்ளிக்குத் திரும்பாத கரும்பலகையில் டீச்சர் கையெழுத்தில் ஏழாம் வாய்ப்பாடு; அதை அவன் அழிக்கவில்லை. முன்னால் காலி நாற்காலி, இன்னும் திரும்பியபடியே. எங்கோ ஒரு ரயில் போயிற்று. அது போய் முடியும்வரை காத்திருந்தேன். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.