மற்றப் பக்கம்

அன்று அறைக்குள் இருந்தவர்கள்: கனடாவிலிருந்து ஆறு மாத லீவில் வந்து கணினி படிப்பித்த சேர். சுகந்தி. நிமலன். கண்டாவளையிலிருந்து சைக்கிளில் வரும் ரவி. வாசலில், ஜெனரேற்றர் பார்க்கும் நான். நாலாவது கணினிக்கு முன்னால் ஆளில்லாத ஒரு கதிரை.

அந்தக் கதிரையில்தான் என் கண். கிளிநொச்சி, போர்நிறுத்தக் காலம். யாரும் தொடாத கணினியின் திரையில் மீன்கள் நீந்தும். ஜெனரேற்றர் ஒரே சுருதியில் இரையும். பின்னேரம் முழுக்க வாசலில் இருந்து பார்ப்பேன். சில நேரம் நானும் நீந்தினேன். (டீசல் முடிந்தால் கரையேறுவேன்.)

படித்தது ஆறாம் வகுப்பு. இருந்தும் கதிரையைக் கேட்டேன்.

"தரலாம். எல்லாரும் வாசிக்கிறதை நீரும் வாசியும். நாலு கிழமையால கேப்பன்," என்றார் சேர்.

இன்ரநெற் எங்களிடம் இல்லை. வவுனியாவில் சேரின் நண்பர் கட்டுரைகளை அச்சடித்து, கிழமைக்கு ஒரு உறை பஸ்ஸில் அனுப்புவார். மேலே எழுதியிருக்கும்: 'மென்பொருள் எழுதுவோர் இந்தக் கிழமை கட்டாயம் வாசிக்க.' எடுத்து வருவது நான். "நீங்க முதல் வாசியுங்கோ அண்ணை," என்று மூன்று பேரும் பெருந்தன்மையாகத் தந்துவிடுவார்கள்.

கடதாசி தட்டுப்பாடு. பழைய தாளின் வெறும் பக்கத்தில்தான் அச்சு. ஒரு பக்கம் இங்கிலீஷ், விளங்கவில்லை. அதைப் பழசு என்று முடிவெடுத்தேன். மற்றப் பக்கம் நல்ல தமிழ். கோழிக்குஞ்சு வளர்ப்பு.

யோசித்தேன்தான். ஆனால் சேர் எதையும் உதாரணத்தால் சொல்பவர். கணினியின் நினைவை அலுமாரி என்பார். அப்படியானால் குஞ்சு என்பது புரோகிராம். நாலு கிழமை மனப்பாடம் செய்தேன்.

கேட்கும் நாள் வந்தது. மூன்று பேரும் வந்திருந்தார்கள்; ஒருவரும் வாசிக்கவில்லை. நிமலனுக்குக் காய்ச்சலாம். ரவிக்குச் சைக்கிள் காற்றுப் போனதாம். சுகந்தி நிலத்தைப் பார்த்தாள்.

"நீர்?"

எழுந்தேன். "முதல் கிழமை தனிய விடக்கூடாது சேர். பக்கத்தில இருந்து பாக்கோணும்."

சேர் தலையாட்டினார். "வடிவாச் சொல்லுறீர்."

"ஒண்டுக்கு நோய் வந்தா மற்றதுகளிட்ட இருந்து பிரிக்கோணும்."

"கேட்டீங்களோ?" என்றார் மற்றவர்களிடம். நிமலன் எழுதத் தொடங்கினான். கதிரை எனக்குக் கிட்ட வந்ததுபோல் இருந்தது.

"செத்ததை உடன புதைக்கோணும். கிடங்குக்குச் சுண்ணாம்பு போடோணும்."

சேரின் தலை நின்றது. "எதுக்குச் சுண்ணாம்பு?"

"மணக்கும் சேர்."

சுகந்தி என் கையிலிருந்த தாளை வாங்கினாள். பார்த்தாள். திருப்பினாள்.

"அண்ணை, மற்றப் பக்கம்."

நிமலன் சிரித்துக் கதிரையோடு சரிந்தான்.

"அவராவது வாசிச்சிருக்கிறார்," என்றார் சேர், சிரிப்பை அடக்கி. ஆனால் இங்கிலீஷ் இல்லாமல் கதிரை இல்லை. தாள்களை என்னிடமே தந்தார். அடுத்த சந்தையில் ஆறு குஞ்சு வாங்கினேன்.

பிறகு சண்டை வந்தது. ஊரே இடம்பெயர்ந்தது. கணினி, கோழி, தாள் எல்லாம் போயின. மனப்பாடம் செய்தது போகவில்லை.

சுகந்தி என்னைக் கட்டினாள். ('அண்ணை'யை இரு வீட்டாரும் மறந்துவிட்டார்கள்.) நான் எதையாவது உறுதியாகச் சொன்னால் மகள் கேட்பாள்: "மற்றப் பக்கம் பாத்தீங்களோ அப்பா?"

இப்போது பின்னேரங்களில் கோழிக்கூட்டுக்கு முன்னால் கதிரை போட்டு இருப்பேன். குஞ்சுகள் பரவித் திரியும், அந்த மீன்களைப்போல. நேற்று எண்ணினேன்.

அறுபத்து மூன்று.