பென்சில் குறி போட்ட இடம்

ஒரு குடும்பத்தில் அம்மா பி.ஏ. வரலாறு படிக்க விண்ணப்பித்தார். வயது நாற்பத்தேழு. அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

பிள்ளைகளின் வரலாற்றுப் புத்தகங்களையெல்லாம் அட்டை போடும் சாக்கில் அவர் என்றோ படித்து முடித்திருந்தார். மேலே படிக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் விண்ணப்பத்தோடு ‘குடும்பத்தார் ஆட்சேபணையின்மைச் சான்று’ ஒன்றையும் பல்கலைக்கழகம் கேட்டது. நாற்பதைக் கடந்த பெண்களுக்கு மட்டும்தான் இந்த விதி. ஆண் படிப்பதை வீட்டில் யாராவது ஆட்சேபிப்பார்கள் என்று பல்கலைக்கழகத்துக்குத் தோன்றியதே இல்லை. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அடுத்த ஆண்டு என்றால் வயது வரம்பு தாண்டிவிடும்.

அப்பா ஒரு பெரிய அலுவலகத்தில் சூப்பரிண்டெண்ட். எதையும் முறைப்படி செய்பவர். புதன்கிழமை மாலையே சாப்பாட்டு மேசையில் மூவர் குழு கூடியது. தலைவர் அப்பா, உறுப்பினர்கள் மகனும் மகளும். அம்மா சம்பந்தப்பட்டவர் என்பதால் அவருக்குக் குழுவில் இடமில்லை. தேநீர் போடும் பொறுப்பு மட்டும் வழங்கப்பட்டது.

“நீ பி.ஏ. ஆயிட்டா நான் வெறும் டிப்ளமோ. அப்புறம் வீட்டுல சீனியாரிட்டி என்ன ஆகறது?” என்றார் தலைவர்.

“இப்ப மட்டும் எனக்கு என்ன சீனியாரிட்டி வாழுதாம்?” என்றார் அம்மா.

“குறுக்கிடக் கூடாது.”

மகன் வேலைக்குப் போகிறவன். “என் சாக்ஸோட ஜோடி எங்கன்னு அம்மாவுக்குத்தான் தெரியும். அம்மா வகுப்புக்குப் போயிட்டா நான் எப்படி ஆபீஸ் போறது?”

மகள் கல்லூரி மூன்றாம் ஆண்டு. “நீ ஃபெயிலாயிட்டா எனக்கு அவமானம்மா. என்னைவிட மார்க் வாங்கிட்டா அதைவிட அவமானம்.”

ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் விண்ணப்பம் ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. நடவடிக்கைக் குறிப்பை யார் எழுதுவது? மூவரும் கூரையைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் நாலு வரி பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான்.

அம்மா நடந்ததை நடந்தபடி நான்கு தாள் எழுதினார். ஐந்தாவதாகச் சான்றுப் படிவத்தை வைத்தார். ஒவ்வொரு தாளின் அடியிலும் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டார்.

அப்பாவின் அலுவலகத்தில் அதுதான் வழக்கம். எழுத்தர் குறி போடுவார். அப்பா அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். முப்பது ஆண்டுகளில் ஒரு குறியையும் அவர் தவறவிட்டதில்லை. ஒரு வரியைப் படித்ததும் இல்லை.

“அஞ்சாவது தாளை மட்டும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க.”

“படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா வேலை எப்ப நடக்கும்?”

ஐந்திலும் கையெழுத்து விழுந்தது. அப்பாவே போட்டபின் யோசிக்க என்ன இருக்கிறது என்று பிள்ளைகளும் போட்டார்கள்.

மறுநாளே அம்மா ஐந்தாவது தாளை விண்ணப்பத்தோடு அனுப்பிவிட்டார். பத்தாம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது: ‘தங்கள் குடும்பத்தார் மனமுவந்து அளித்த சம்மதத்தைப் பாராட்டி, தங்களுக்கு இடம் வழங்கப்படுகிறது.’

“யார் சம்மதிச்சது?” வீடு அதிர்ந்தது.

“முதல் கையெழுத்து நீங்கதான்பா,” என்றான் மகன்.

“ஒண்ணும் குடிமுழுகிப் போகலைங்க,” என்றார் அம்மா. “படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ரத்து பண்ணிடுவாங்க.”

முப்பது ஆண்டுக் கோப்புகளும் தூசி தட்டி எழுந்து நிற்பதுபோல அப்பாவுக்குத் தோன்றியது.

“யாரு படிக்காமப் போட்டது? எழுத்தெண்ணிப் படிச்சேன்! அன்னிக்கே எனக்குச் சம்மதம்தான்!” என்றவர் மகன் பக்கம் திரும்பினார். “சாக்ஸ் அலமாரியில இருக்கும். போய்த் தேடு!”

சேர்க்கை நாளன்று வரிசையில் அம்மாதான் கடைசி. கவுன்ட்டரில் இருந்த எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். அடியில் பென்சில் குறி. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

“சீக்கிரம்மா! உங்களுக்கு முன்னால முப்பத்தொன்பது பேர் ஆளுக்கு அரை நிமிஷத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க.”

“இடம் வேண்டாம், விலகிக்கறேன்னு இதுல போட்டிருக்கே தம்பி?”

எழுத்தர் படிவத்தை வாங்கி, வேலையில் சேர்ந்தபின் முதல் முறையாக ஒன்றைப் படித்தார். சேர்க்கைப் படிவக் கட்டுக்குப் பதில் விலகல் படிவக் கட்டு வந்திருந்தது. அதற்குள் முப்பத்தொன்பது விலகல்களையும் பதிவாளர் குறி போட்ட இடங்களில் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டிருந்தார். அந்த ஏற்பைத் திரும்பப் பெறுவதென்றால், படிக்கவில்லை என்று அவரும் ஒரு வரி எழுதித் தர வேண்டுமே! பதிவாளர் எழுதவில்லை.

அந்த ஆண்டு வரலாற்று வகுப்பில் நாற்பது நாற்காலி, ஒரே மாணவி.

“என் சம்சாரம் வகுப்புலயே முதல்,” என்று அப்பா அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டார். “நான்தான் படிக்க வெச்சேன்.”

யாரும் மறுக்க முடியாது. சான்று பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கிறது, அவருடைய கையெழுத்தோடு.