முதலிடத்துக்குச் சொந்தக்காரர்

மகள் பாதியில் விட்டுப்போன பாடத்தை அப்பா கலைத்துவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. பெயின்ட் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் கணினியை மூடப் போனவர், திரையில் வரிசையாக நின்ற அணுக்களைச் சும்மா தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான், ஆளுக்கொரு பக்கமாக ஓடிவிட்டன.

நானோ தொழில்நுட்பத்தை விளையாட்டுப்போலக் கற்றுத்தரும் இணையப் பாடம் அது. முதலிடம் பிடித்தால் ஆய்வுக்கூடத்தை நேரில் பார்க்க அழைப்பு வரும். மகளுக்கு அதுதான் ஆசை. பதறிப்போன அப்பா, அணுக்களைத் துரத்திப் பிடித்து நிறுத்திவிட்டுக் கடைக்கு ஓடினார்.

மாலையில் வந்து பார்த்தால் நூற்றுக்கு நூறு வந்திருந்தது!

"ஸ்கூல் பரீட்சை முடியுற வரைக்கும் அந்தப் பாடத்தைத் தொடவே மாட்டேன்பா. முதலிடம் போனா போகட்டும்" என்றாள், அதைப் பார்க்காத மகள்.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. தினமும் காலையில் அவரே ஒரு பாடத்தை முடித்தார். மாலைவரை விடைகளைத் திருத்தலாம் என்று போட்டிருந்தது. திருத்துவதாவது! காலையில் போட்டது மாலையில் நூறாக நின்றது. கண்ணாடி முன் நின்று தன்னையே மெச்சிக்கொண்டார். கடையில் பிரஷ் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அணுவைப் பற்றி வகுப்பெடுத்தார்.

ஒருநாள் செய்தி வந்தது: 'முதலிடம்! ஞாயிறன்று நேரலையில் வந்து பேசுங்கள்.'

மகளுக்கு முகம் வெளுத்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியாதே! யாருப்பா பண்ணது?"

"நான்தாம்மா" என்றார் அப்பா. குற்ற உணர்ச்சியைவிடப் பெருமைதான் குரலில் தூக்கலாக இருந்தது.

ஞாயிறன்று நேரலையில் உண்மையைச் சொன்னார்கள். திரையிலிருந்த ஆசிரியர் சிரித்துவிட்டார்.

"யார் கத்துக்கிட்டா என்னங்க? ஒரு கேள்வி கேக்குறேன். சரியா சொன்னா குடும்பத்தோட ஆய்வுக்கூடத்துக்கு வாங்க. தப்பா சொன்னா முதலிடத்தை அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவோம்."

மகள் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "கேளுங்க சார்!"

"தங்கத்தை நானோ அளவுக்குத் துகளாக்கித் தண்ணியில கலந்தா பொதுவா என்ன நிறம் தெரியும்?"

இதெல்லாம் ஒரு கேள்வியா? காலமெல்லாம் நிறம் விற்றுப் பிழைக்கிறவரிடமா?

"மஞ்சள்!"

ஆசிரியரின் முகம் தொங்கிப்போனது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். ஈரக் கையைத் துடைத்தபடி அடுப்படியிலிருந்து வந்த அம்மா, அப்பாவை நகரச் சொல்லிவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"சிவப்பு சார். தினமும் இவர் கடைக்குப் போனதும் இந்த மாதிரி தப்பையெல்லாம் நான்தானே உக்காந்து திருத்துறேன்!"